வேலூர் பக்கம் அரசுக் கல்லூரியில் எம்எஸ்சி விலங்கியல் படிக்கிறேன். நல்ல ஆய்வு நிறுவனத்தில் பிஎச்டி கிடைக்குமா, இல்லை வெளிநாட்டுக்கு முயற்சி செய்யலாமா?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி, மதிப்பெண் எழுபதுக்குள், வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்கள், துறையில் ஒருவர் "இந்தக் காலேஜ்ல இருந்து யாரும் அங்கெல்லாம் போனதில்ல" என்று சொல்லிவிட்டார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். அதே வாக்கியம் என்னிடமும் சொல்லப்பட்டது, கிட்டத்தட்ட அதே சொற்களில். நான் குடியாத்தம் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். எம்எஸ்சி வேலூரில். அப்புறம் பெங்களூரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் பிஎச்டி முடித்தேன். ஆகவே, கிடைக்கும்.

எப்படி என்பதுதான் நீளமான விஷயம்.

முதலில் வாசல்கள். நம் நாட்டில் உயிரியலுக்குப் பெரும்பாலும் இரண்டு கட்டம்: ஒரு எழுத்துத் தேர்வு, அதற்குப் பிறகு நேர்காணல். எல்லோருக்கும் தெரிந்தது சிஎஸ்ஐஆர் நெட், அறிவியல் ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு. மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். லைஃப் சயின்ஸில் சி பகுதியில் 75 கேள்வி கொடுப்பார்கள், 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மதிப்பெண், தவறினால் கால் பங்கு போகும். அந்தப் பகுதிதான் ஆளைத் தூக்குவதும் கவிழ்ப்பதும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், தமிழில் வராது. இதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம், ஆனால் இந்த வருடம் தேர்வு எழுதப் போகிற உங்களுக்கு அந்தச் சண்டையால் பயன் இல்லை. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் (2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை), வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். பிஎச்டி என்றால் இன்னும் ஐந்து வருடம் அப்பா காசில் படிப்பது என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள். மாதாமாதம் ஒழுங்காக வந்துவிடாது, சில நேரம் மாதக்கணக்கில் இழுத்தடித்து மொத்தமாக வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வரும். 2024 ஜூனிலிருந்து ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கும் நெட் மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி சேர்க்கை உண்டு. இது தவிர கேட் தேர்வு இருக்கிறது, மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறையின் பெட் தேர்வு இருக்கிறது, பெங்களூர் என்சிபிஎஸ் மாதிரி உயிரியல் ஆய்வு நிறுவனங்களுக்கு மும்பை டாடா ஆய்வு நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) நடத்தும் தனித் தேர்வும் இருக்கிறது. ஒன்றை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் விழுகிற இடம் நேர்காணல். அங்கே விழுவதற்குக் காரணம் ஆங்கிலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை காரணம் எம்எஸ்சி பிராஜெக்ட்.

உங்களுக்கே தெரியும். கடைசி செமஸ்டர் வந்ததும் பிராஜெக்ட் சென்டர்காரர்கள் நோட்டீஸோடு கல்லூரி வாசலில் நிற்பார்கள். சில ஆயிரம் கொடுத்தால் ஏதோ ஒரு இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்து, இ.கோலி பாக்டீரியா மேல் வைத்து, சுற்றிலும் அது வளராத வட்டத்தை அளந்து, பைண்டிங் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். உடனே யாராவது கீழே வந்து நானோ துகள் ஆராய்ச்சி என்றால் மட்டமா என்று கேட்பீர்கள். இல்லை. அதை உண்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல வேலை. நான் சொல்வது காசு கொடுத்து வாங்குவதை. என்னோடு படித்த ஒரு பெண், என்னைவிட நன்றாகப் படிப்பவள், நேர்காணலில் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே கரைசல் ஏன் பழுப்பு நிறமாக மாறியது என்பதுதான். அவள் அந்தக் கரைசலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவள் மேல் தப்பு சொல்ல மாட்டேன், துறையே அந்த வழியைத்தான் காட்டியது. ஐந்து வருடம் படித்த படிப்பு ஐந்து நிமிடத்தில் போயிற்று.

நான் வாங்கவில்லை. காசு இல்லாததும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை, எனக்கு அப்படிச் செய்ய மனசு ஒப்பவில்லை. துறையில் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் பிசிஆர் மெஷின் கிடையாது, ரசாயனம் வாங்கப் பணம் கிடையாது. இருந்தது ஒரு நுண்ணோக்கி. எங்கள் தெருவில் ஏராளமாக இருந்தது கொசுப் புழு. சரி, அதையே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி, நீல டிரம், குடம் என்று பிடித்து வைப்பார்கள். காலையில் ஒரு கரண்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "இன்னாம்மா, முனிசிபாலிட்டியா? ஃபைன் போட வந்தியா?" என்றுதான் முதலில் எல்லோரும் கேட்டார்கள். இல்ல ஆயா, காலேஜ் பரீட்சைக்கு என்று சொன்ன பிறகுதான் டிரம் மூடியைத் திறந்தார்கள்.

புழுவைப் பிடிப்பது சுலபம். அது எந்தக் கொசு என்று சொல்வதுதான் வேலை. தண்ணீரின் மேல்மட்டத்தோடு படுத்த மாதிரி இருந்தால் அனாபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ், இது வரை பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் என்றால், அதில் எஜிப்தி இனமா அல்பொபிக்டஸ் இனமா என்பதற்குப் புழுவைச் சுடுதண்ணீரில் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டுப் படுக்க வைத்து, வயிற்றின் எட்டாவது கணுவைப் பார்க்க வேண்டும். அங்கே சீப்புப் பல் மாதிரி ஒரே வரிசையில் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். எஜிப்தியில் ஒவ்வொரு முள்ளுக்கும் இரண்டு பக்கமும் குட்டி முட்கள் கிளைத்துத் திரிசூலம் போல நிற்கும், அல்பொபிக்டஸில் அந்தப் பக்க முள் இருக்காது, ஒற்றை முள்தான். முதல்முதலில் அந்தத் திரிசூலம் கண்ணில் தெளிவாக விழுந்தபோது லேபில் யாரும் இல்லை, காட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டு வராந்தா வரை ஓடினேன். சந்தேகம் வந்த புழுக்களை டம்ளரில் வலை கட்டி வளர்த்து, கொசுவான பிறகு முதுகில் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துச் சரிபார்த்தேன்.

அப்புறம் நேர்காணல். எதிரே ஐந்தாறு பேர். என் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம்தான். முதலில் பிரடோ குறியீடு என்றால் என்ன என்றார்கள். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருக்கிறது என்ற கணக்கு, சொன்னேன். எஜிப்தி என்று எப்படிச் சொல்கிறாய் என்றார்கள். சுண்ணக்கட்டி வாங்கிப் பலகையில் அந்த முள்ளை வரைந்தேன். ஒருவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். சிமெண்ட் தொட்டியில்தான் புழு அதிகம் என்று எழுதியிருக்கிறாயே, கொசு சிமெண்ட்டை விரும்புகிறதா, இல்லை உங்கள் தெருவில் தொட்டிதான் பெரிதாகவும் நிழலிலும் இருக்கிறதா, எப்படிப் பிரித்துச் சொல்வாய் என்று கேட்டார். என் ஆய்வில் அதற்கு விடை கிடையாது. ஒரே அளவு தண்ணீர், ஒரே தண்ணீர், ஒரே நிழல், பாத்திரம் மட்டும் வேறு, தினமும் இடத்தை மாற்றி மாற்றி வைத்து முட்டையை எண்ணுவேன் என்று அங்கேயே நின்று யோசித்துச் சொன்னேன். அதற்கு மேல் அரை மணி நேரம் அந்தச் சோதனையைப் பற்றியே பேச்சு ஓடியது. பிசிஆர் செய்திருக்கிறாயா என்றார்கள், இல்லை சார் என்றேன், சரி ப்ரைமர் (பிரதி எடுப்பதைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஏன் இரண்டு வேண்டும் என்றார்கள், அதையும் வரைந்தேன். எந்தக் கல்லூரி என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆங்கிலமே தேவையில்லை என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவை. ஆய்வுக் கட்டுரை படிக்க வேண்டும், எழுத வேண்டும். தினமும் ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது அகராதி வைத்துக்கொண்டு படியுங்கள், பப்மெட் சென்ட்ரல் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பேச்சு ஆங்கிலம் சரளமாக வந்த பிறகுதான் விண்ணப்பிப்பேன் என்று உட்கார்ந்தால் வயதுதான் ஆகும். இன்னொன்று, மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு எம்எஸ்சி முதல் வருடத்திலேயே போடுங்கள். இரண்டு மாதம் ஒரு உண்மையான ஆய்வகத்தில் இருக்கலாம். பரிந்துரைக் கடிதம் கொடுக்க உங்களைத் தெரிந்த ஒரு ஆள் அங்கே கிடைப்பார்.

"நம்ம ஊர்ல என்ன ஆராய்ச்சி" என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலில் வேலூருக்கு வந்து, சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரிந்தது. அந்த நிர்மலா அப்போது ஒரு முதுகலை மாணவி. அதே சிஎம்சியில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸில் வேலை செய்த ககன்தீப் காங் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார், இந்தியாவில் இருந்தபடி ஆய்வு செய்த பெண்களில் அவர்தான் முதல். காட்பாடியில் இறங்கி ஆட்டோ ஏறுகிற தூரத்தில் நடந்தவை இவை.

கோபம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். டெங்கு சீசன் வந்தால் டிரம்மில் புழு இருக்கிறது என்று வீட்டுப் பெண்களைத் திட்டுகிறார்கள், அபராதம் போடுகிறார்கள். வாரக்கணக்கில் தண்ணீர் விடாமல் இருந்தால் அவர்கள் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? தினமும் குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் யாராவது ஐந்து டிரம் வைத்திருப்பார்களா? நான் அளந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அந்தப் பெண்கள் மூடி போட்டுத்தான் வைத்திருந்தார்கள். மூடியே உடைந்த மூடி. புதிது வாங்கிக் கொடுக்க யாரும் வரவில்லை, திட்டுவதற்கு மட்டும் வந்தார்கள்.

சரி, வெளிநாடு. நான் போகவில்லை, எங்கள் ஆய்வகத்திலிருந்து போனவர்களின் விண்ணப்பங்களைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் உயிரியல் பிஎச்டி பல இடங்களில் பேராசிரியரிடம் அல்ல, துறைக்கு விண்ணப்பிப்பது. முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள். ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வைப் பல உயிரியல் துறைகள் எடுத்துவிட்டன, போடுவதற்கு முன் ஒவ்வொரு தளத்திலும் பாருங்கள். பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் கடைசித் தேதி. விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 75 டாலர், 100 டாலர் என்று போகும், நம் வீட்டுக்கு அது பெரிய தொகை. கட்டண விலக்கு கேட்டு எழுதுங்கள், கொடுக்கிற இடங்கள் உண்டு, கேட்பதில் வெட்கம் எதற்கு? ஜெர்மனிக்குப் போடப் பெரும்பாலும் எம்எஸ்சி முடித்திருக்க வேண்டும். அங்கே பிஎச்டி இடங்களை வேலை மாதிரி விளம்பரம் செய்வார்கள், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களின் பிஎச்டி பள்ளிகளிலிருந்தே தேடத் தொடங்கலாம். பிஎச்டிக்குக் கன்சல்டன்சியிடம் காசு கட்டாதீர்கள். அவர்கள் செய்வதெல்லாம் நீங்களே செய்யக்கூடியது. எங்கு விண்ணப்பித்தாலும் நோக்கக் கட்டுரையில் சிறு வயதிலிருந்தே அறிவியல் ஆர்வம் என்று தொடங்க வேண்டாம். என்ன செய்தீர்கள், எதில் மாட்டினீர்கள், அடுத்து எதைக் கேட்க ஆசை, இதை எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். "நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன்" என்பார்கள். அதோடு விடாமல் உங்கள் பிராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கையில் கொடுத்து, சார், இதைப் பார்த்து உங்கள் வார்த்தையில் இரண்டு வரி சேருங்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் சேர்ப்பார்கள்.

கடைசியாக, நம் பக்கத்தில் பலரும் தவற விடுவது. நீங்கள் பிசி அல்லது எம்பிசி என்றால் கையில் இருக்கிற தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் அந்த வருடத்துக்கு உரியதாக. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகி வர நாளாகும். நெட் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போடுங்கள்.