வாசகர் கேள்வி பதில்: புயலுக்குப் பின் காட்டு நடை

கேள்வி: புயல்மழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆகிறது. கொடைக்கானல் பக்கம் 12 பேர் ஒரு நாள் மலையேற்றம் போக இருக்கிறோம். பாதையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றனவாம். போகலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வனச்சரக அலுவலகத்தில் விசாரித்த பிறகு வண்டிக்குச் சொல்லுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது. பாதை மூடியிருக்கிறது என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கடலோரத்தோடு நிற்காமல் கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. வாட்டில், பைன் மரங்களின் வேர் மேலாகத்தான் ஓடும். மழையில் ஊறிய மண் பிடி விட்டதும் காற்று வேரோடு புரட்டிவிடுகிறது.

தரையில் கிடக்கும் மரம்கூடப் பரவாயில்லை. பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கும் மரமும், முறிந்து உச்சியில் மாட்டிக்கொண்ட கிளையும்தான் ஆளை அடிப்பவை. காற்றே இல்லாத நாளிலும், வாரக்கணக்கில் கழித்தும் விழும். அண்ணாந்து பார்க்காமல் எங்கும் உட்கார வேண்டாம். தொங்கும் மரத்தைச் சுற்றிப் போக வழியில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: விழுந்த மரத்தைத் தாண்டுவதா, சுற்றுவதா? அரிவாள் எடுத்துப் போகலாமா?
- ஒரு வாசகி, பழநி

பதில்: அரிவாள் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டில் வெட்டுவது குற்றம். அதோடு, பெரிய மரத்தடியில் வில்லாக வளைந்து சிக்கிய இளமரத்தை வெட்டினால் நிமிர்ந்து முகத்தில் அறையும். வேரோடு பெயர்ந்த மரத்தில் மண்ணும் வேரும் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிற்கும். அது குழிக்குள் திரும்பச் சாயக்கூடியது. அந்தக் குழியில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

முழங்கால் உயரம் வரை தாண்டலாம். இடுப்பளவு என்றால் மேலே உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மறுபக்கம் போட்டு இறங்குங்கள். பட்டை உரிந்த ஈரமரம் வழுக்கும், அதன்மேல் ஏறி நடக்க வேண்டாம். சரிவில் குறுக்கே கிடந்தால் மேட்டுப் பக்கமாகச் சுற்றுங்கள், கீழ்ப்பக்கம் உருளலாம். சுற்றும்போதுதான் பலரும் வழி தவறுகிறார்கள். முதல் ஆள் மறுபக்கம் பாதையைப் பிடித்து விசில் கொடுக்கும் வரை மற்றவர்கள் பாதையை விட்டு நகரக் கூடாது.

கேள்வி: எவ்வளவு நேரம் கணக்கு வைக்க வேண்டும்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: வழக்கமான நேரத்தைப் போல இரு மடங்கு. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 12 பேர் 10 மரம் தாண்ட 2 மணி நேரம் போய்விடும். வழிகாட்டி இருவர் கிடைத்தால் ஆறாறு பேராகப் பிரிந்து, அரை மணி இடைவெளியில் கிளம்புங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினால், எங்கே இருந்தாலும் 12 மணிக்குத் திரும்ப வேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பாதை தெரியாது. டிசம்பரில் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், விசில், டார்ச், மழைக்கோட்டு. குழுவுக்கு 2 கிரேப் பேண்டேஜ், அட்டைப்பூச்சிக்கு உப்பு.

மரம் மின்கம்பியை இழுத்துக்கொண்டு கிடந்தால் கிட்டவே போகாதீர்கள். வந்த வழியே திரும்பி மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.