1938-ஆ, 1992-ஆ? ஹிரோஷிமா அணிக்கு இரண்டு பிறந்த நாள்

கேள்வி: வாகன உதிரிபாக நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுப் பணிக்காக ஹிரோஷிமா போகிறேன். போன முதல் வாரமே சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா கால்பந்து அணியின் ஆட்டத்துக்கு அழைத்துப் போவதாகவும், அன்று மாலை விருந்தில் அந்த அணியைப் பற்றி நானும் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றும் அங்குள்ள மேலாளர் எழுதியிருக்கிறார். தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் 1938இல் தொடங்கியது என்கிறார்கள், இன்னோரிடத்தில் 1992 என்கிறார்கள். லீக் பட்டம் மூன்று என்று ஒருவர், எட்டு என்று இன்னொருவர். மாஸ்டா கம்பெனி அணி என்றும் எழுதியிருக்கிறது. எதைச் சொன்னால் தப்பாகாது?

பதில்: ஆண்டு இரண்டுமே சரி, பட்டக் கணக்கும் இரண்டுமே சரி. மாஸ்டா அணி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை.

1938 என்பது அணி பிறந்த ஆண்டு. அப்போது அதன் பெயர் டோயோ கோக்யோ கால்பந்துக் குழு. 1920இல் தக்கை (கார்க்) தயாரிக்கத் தொடங்கிய ஹிரோஷிமா நிறுவனம் அது. 1931 முதல் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள் செய்தது. வண்டிகளுக்கு மாஸ்டா என்று பெயர், கம்பெனிக்கு டோயோ கோக்யோ என்று பெயர். கம்பெனியே மாஸ்டா ஆனது 1984இல்தான். வேலை முடிந்து பந்து உதைத்த ஊழியர்களின் குழுவாகத்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிறகு போர் வந்தது, 1945 ஆகஸ்ட் 6 வந்தது. தொழிற்சாலை குண்டு விழுந்த இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் அளவுக்குக் கிழக்கே இருந்தது, நடுவே ஹிஜியாமா குன்றும் இருந்தது. அதனால் தப்பித்தது. நகரில் நிற்க இடமில்லாத மாவட்ட நிர்வாகம் சில காலம் அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் இயங்கியது. அந்த ஊருக்கு அந்தக் கம்பெனி வெறும் முதலாளி மட்டுமல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். உங்கள் தொழிலும் அதே என்பதால் விருந்தில் இது கைகொடுக்கும்.

ஹிரோஷிமாவில் கால்பந்து கம்பெனிக்கும் முந்தையது. முதல் உலகப் போரில் சிக்கிய ஜெர்மானியக் கைதிகளை ஹிரோஷிமா துறைமுகத்துக்கு எதிரே உள்ள நினோஷிமா தீவில் வைத்திருந்தார்கள். 1919 ஜனவரியில் அவர்கள் ஊருக்குள் வந்து உயர் ஆசிரியப் பள்ளி மாணவர்களோடு கால்பந்து ஆடினார்கள். மாணவர்கள் நன்றாக உதை வாங்கினார்கள், ஆனால் கற்றுக்கொண்டார்கள். (அந்தக் கைதிகளில் ஒருவர் அதே ஆண்டு பாம்கூகன் கேக் செய்து கண்காட்சியில் வைத்தார். அந்தக் கண்காட்சி நடந்த கட்டடம்தான் இன்று அணுகுண்டு நினைவுக் கூடமாக நிற்கிறது.) அந்தப் பள்ளியில் படித்தவர்கள் ஆசிரியர்களாகப் பல ஊர்களுக்குப் போக, ஆட்டமும் கூடவே போனது. சைதாமா, ஷிசுவோகா, ஹிரோஷிமா என்ற மூன்றையும் ஜப்பானியக் கால்பந்தின் பழைய மூன்று வீடுகள் என்று சொல்வது வழக்கம்.

சரி, எட்டு பட்டக் கணக்குக்கு வருவோம். 1965இல் ஜப்பானின் முதல் தேசியக் கால்பந்து லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. அவற்றில் ஏழு அணிகள் தோக்கியோ, நகோயா, ஒசாகா வட்டாரத்தையோ கியூஷூ இரும்பாலையையோ சேர்ந்தவை. ஹிரோஷிமாவிலிருந்து டோயோ கோக்யோ மட்டும். அந்த முதல் சீசனின் 14 ஆட்டங்களில் ஒன்றில்கூட அது தோற்கவில்லை. 1965, 66, 67, 68 என்று தொடர்ந்து நான்கு பட்டம், 1970இல் ஐந்தாவது. நடுவே, நாடு தழுவிய நாக்-அவுட் போட்டியான பேரரசர் கோப்பையும் மூன்று முறை. முதல் நான்கு பட்டங்களுக்கும் பயிற்சியாளர் ஷிமோமுரா யுகியோ, உள்ளூர்க்காரர், முன்னாள் கோல்கீப்பர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் போட்டி நடத்திய நாட்டையே வென்று ஜப்பான் வெண்கலம் வாங்கியதே, அந்த அணியில் ஓகி அரிதாட்சு, மாட்சுமோட்டோ இகுவோ போன்ற டோயோ கோக்யோ ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் நகனுமா கென் வேறு கம்பெனிக்காரர் என்றாலும் ஹிரோஷிமாவில் பிறந்தவர். வயதான சகபணியாளர் யாராவது இருந்தால் இந்தப் பகுதியைப் பேசுங்கள், முகம் மலரும்.

அப்புறம் சரிவு. 1973 எண்ணெய் நெருக்கடியில் மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் கார்கள் பெட்ரோலைக் குடிப்பதாகப் பெயரெடுத்து, கம்பெனியே திணறியது. கம்பெனி திணறினால் கம்பெனி அணி என்ன ஆகும்? எண்பதுகளில் முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் நடந்த நல்ல காரியம், ஹான்ஸ் ஊஃப்ட் என்ற டச்சுப் பயிற்சியாளரை அழைத்து வந்தது.

இனி 1992. தொழில்முறை லீக் தொடங்கலாம் என்று முடிவானபோது, அணிகள் கம்பெனி ஊழியர் குழுவாக இருக்கக் கூடாது, தனி நிறுவனமாகப் பதிய வேண்டும், பெயரில் ஊர் இருக்க வேண்டும் என்றார்கள். மாஸ்டா தயங்கியது, தன் பெயர் இல்லாத அணிக்கு ஆண்டுதோறும் பணம் போடுவது அதற்குப் பெரிய சுமை. மாவட்ட நிர்வாகமும் உள்ளூர் நிறுவனங்களும் பங்கு போட முன்வந்த பிறகுதான் 1992இல் சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா என்ற நிறுவனம் பதிவானது. ஜே லீக் என்ற அந்தத் தொழில்முறை லீக்கின் முதல் பத்து அணிகளில் ஒன்றாக 1993இல் களம் இறங்கியது. ஆக, 1938 அணியின் பிறந்த நாள், 1992 நிறுவனத்தின் பிறந்த நாள். அதேபோல் கம்பெனி லீக்கில் ஐந்து பட்டம், ஜே லீக்கில் மூன்று. ஜே லீக் தன் கணக்கை 1993இலிருந்துதான் எழுதுகிறது. மேடையில் ‘ஜே லீக்கில் மூன்று முறை’ என்றே சொல்லுங்கள். எட்டு என்றால் உடனே யாராவது விளக்கம் கேட்பார்கள்.

பெயருக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானிய மொழியில் ‘சான்’ என்றால் மூன்று, இத்தாலிய மொழியில் ‘ஃபிரெச்சே’ என்றால் அம்புகள். 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட மோரி மோட்டோநாரி, சாகும் தறுவாயில் மூன்று மகன்களையும் அழைத்து, ஓர் அம்பை ஒடிக்கச் சொன்னாராம், ஒடிந்தது. மூன்றைச் சேர்த்துக் கொடுத்தாராம், ஒடியவில்லை. நம் பள்ளிப் பாடத்தில் வந்த விறகுக்கட்டுக் கதையேதான். ஆனால் மோட்டோநாரி இறந்தது 1571இல், மூத்த மகன் தகமோட்டோ அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார்! மகன்களுக்கு 1557இல் அவர் எழுதிய புத்திமதிக் கடிதம் உண்மை, அதில் அம்பு இல்லை. இந்தத் திருத்தத்தை விருந்தில் சொல்ல வேண்டாம், கதையை மட்டும் சொல்லுங்கள். அணியின் பயிற்சி மைதானம் மோட்டோநாரியின் கோட்டை இருந்த அதே யோஷிதாவில்தான் இருக்கிறது.

அந்த 1992ஆம் ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் ஊரார் மறப்பதில்லை. ஆசியக் கோப்பை ஹிரோஷிமாவில் நடந்தது. ஜப்பான் முதல் முறையாக வென்றது. பயிற்சியாளர், பழைய ஹான்ஸ் ஊஃப்ட். இறுதி ஆட்டத்தில் சவூதி அரேபியாவுக்கு எதிரான ஒரே கோலை அடித்தவர் ஹிரோஷிமாவின் தகாகி தகுயா. நடுக்களத்தில் பெயர் தெரியாத ஓர் இளைஞரை ஊஃப்ட் சேர்த்திருந்தார், அவரும் ஹிரோஷிமா அணிக்காரர்தான்: மொரியாசு ஹஜிமே. அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜே லீக்கின் ஆரம்ப ஆண்டுகளை வேகமாகத் தாண்டலாம். 1993இல் ஜே லீக்கில் ஜப்பானியர் ஒருவர் அடித்த முதல் கோல் ஹிரோஷிமாவின் கஸாமா யாஹிரோ அடித்தது. 1994இல் ஸ்டூவர்ட் பாக்ஸ்டர் பயிற்சியில் சீசனின் முதல் பாதியை வென்று, ஆண்டிறுதிப் பட்டத்தை வெர்டி கவாசாகியிடம் விட்டது. பிறகு பணமில்லாத காலம், நல்ல ஆட்டக்காரர்களை விற்றுப் பிழைத்த காலம். 1998இல் உள்ளூர் மின்சாதனக் கடைத் தொடரான தியோதியோவின் குபோ மசதகா தலைவர் பொறுப்பை ஏற்றார். அந்தக் கடைதான் பிறகு எடியான் ஆனது. இன்று முதல் பங்குதாரர் எடியான், அடுத்ததுதான் மாஸ்டா. சட்டையின் நெஞ்சில் இருப்பதும் எடியான் பெயர்தான். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதுதான்: மாஸ்டா பெற்ற பிள்ளை, ஊர் வளர்த்த பிள்ளை.

2002இல் முதல் தடவை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, மறு ஆண்டே ஏறியது. 2007இல் கியோட்டோவிடம் தோற்று மறுபடியும் இறங்கியது. என்னைக் கேட்டால் இந்த அணியின் வரலாற்றில் முக்கியமான மாதம் பட்டம் வென்ற எந்த மாதமும் இல்லை, அந்த டிசம்பர்தான். ஜப்பானில் அணி இறங்கினால் பயிற்சியாளர் பெட்டியைக் கட்டுவதுதான் வழக்கம். ஹிரோஷிமா மிஹைலோ பெட்ரோவிச்சைப் போக விடவில்லை. கோலடிக்கும் சாதோ ஹிசாதோவும், போக இடமிருந்தும், தங்கினார். 2008இல் இரண்டாம் பிரிவில் 100 புள்ளிகள் எடுத்துத் திரும்பினார்கள். தடுப்பு ஆட்டக்காரர்களும் கோல்கீப்பரும் பதறாமல் பின்னாலிருந்தே பந்தைக் கோத்து முன்னே கொண்டுவரும் பாணி அந்த ஆண்டுகளில் ஊறியது.

பெட்ரோவிச்சை உராவா ரெட்ஸ் அணி 2012இல் அழைத்துக்கொண்டது. ஹிரோஷிமாவால் ஈடு கொடுக்க முடியவில்லை. தலைமைப் பயிற்சியாளராக எங்கேயும் இருந்திராத மொரியாசு ஹஜிமே கையில் அணி வந்தது. அந்த ஆண்டே முதல் ஜே லீக் பட்டம். சாதோ 22 கோலடித்து ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2013இல் கடைசி நாளில் இரண்டாவது பட்டம். மாகினோ, மொரிவாகி, கோல்கீப்பர் நிஷிகாவா என்று ஒவ்வொருவராக உராவாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோதும் 2015இல் மூன்றாவது. மொரியாசு இப்போது ஜப்பான் தேசிய அணியின் பயிற்சியாளர், 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் தோற்கடித்தவர். இரண்டு நிமிடப் பேச்சுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டுமென்றால் அவரையே எடுத்துக்கொள்ளுங்கள்: கம்பெனி அணியில் சேர்ந்து, தொழில்முறை அணியில் ஆடி, அதையே வெல்ல வைத்தவர். 1938-1992 குழப்பம் முழுவதும் அந்த ஒரு மனிதரில் தீர்ந்துவிடும்.

அரங்கத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்களை அழைத்துப் போகிறவர் அதைத்தான் முதலில் பேசுவார். 1994 ஆசிய விளையாட்டுக்காக ஊரின் வடமேற்கு மலைப்பக்கம் கட்டிய பிக் ஆர்ச்தான் முப்பது ஆண்டுகள் வீடாக இருந்தது. ஊரிலிருந்து தள்ளி, ஓடுதளம் சுற்றி, பெரும்பாலான இருக்கைகளுக்கு மேல் கூரை இல்லாமல். பேஸ்பால் அணியான கார்ப்புக்கு 2009இல் ரயில் நிலையம் பக்கத்தில் புது மைதானம் கிடைத்தது. மூன்று பட்டம் வென்ற கால்பந்து அணிக்கு இடமில்லை. துறைமுகப் பக்கம் தருகிறோம் என்றது நகர நிர்வாகம், ஊர் நடுவேதான் வேண்டும் என்றது அணி. ரசிகர்கள் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். இழுபறிக்குப் பிறகு 2019இல் மத்தியப் பூங்கா என்று முடிவாகி, 2024 பிப்ரவரியில் எடியான் பீஸ் விங் திறந்தது. சுமார் 28,500 இருக்கைகள், களம் கைக்கெட்டும் தூரத்தில். மோரி மோட்டோநாரியின் பேரன் கட்டிய ஹிரோஷிமா கோட்டை பக்கத்திலேயே. அணுகுண்டு நினைவுக் கூடத்திலிருந்தும் நடந்தே போகலாம். அங்கே நடந்த முதல் லீக் ஆட்டத்தில் 2-0 என்று தோற்றுப் போனது யார் தெரியுமா? உராவா.

உடை விஷயத்தில் கவனம். அணியின் நிறம் ஊதா. உள்ளூர் ரசிகர் பகுதியில் எதிரணி நிறத்தில் உட்கார விடமாட்டார்கள். சிவப்பும் வேண்டாம், அது கார்ப்பின் நிறம், உராவாவின் நிறமும்கூட. கார்ப்பையும் சான்ஃபிரெச்சேவையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். கார்ப் ஊரே உண்டியலில் காசு போட்டுக் காப்பாற்றிய அணி, பல வீடுகளில் இரண்டுக்கும் ரசிகர்கள் இருப்பார்கள். 2026 ஆகஸ்டிலிருந்து ஜே லீக் சீசன் ஆகஸ்டில் தொடங்கி மறு ஆண்டு முடியும் முறைக்கு மாறுகிறது, நடுவே குளிர்கால இடைவேளை. பழைய அட்டவணையை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, நீங்களாக எடுக்கக் கூடாத பேச்சு ஒன்று. பேரரசர் கோப்பை. கம்பெனிக் காலத்தில் மூன்று முறை வென்றதோடு சரி. ஜே லீக் வந்த பிறகு ஆறு இறுதி ஆட்டங்கள், ஆறிலும் தோல்வி. ஆறாவது 2022 அக்டோபர் 16. எதிரே இரண்டாம் பிரிவில் 18ஆம் இடம் பிடித்த வென்ட்ஃபோரே கோஃபு. பெனால்டியில் போனது. கோஃபுவின் கடைசிப் பெனால்டியை அடித்தவருக்கு வயது 42. ஆறு நாள் கழித்து, ஹிரோஷிமா லீக் கோப்பை இறுதியில் 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கும் நிமிடங்கள் ஓடும்வரை 1-0 என்று பின்தங்கியிருந்தது. சைப்ரஸ்காரர் பியரோஸ் சோதிரியூ அந்தச் சில நிமிடங்களில் இரண்டு கோலடித்து செரெசோ ஒசாகாவை வீழ்த்தினார். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டாவது கதையைச் சொல்ல ஆரம்பித்தால் தாராளமாகக் கேளுங்கள். முதல் கதையை அவராகத் தொட்டால் மட்டும்.