மணல் கெட்டிதான், அதற்கு அடியில்?

வாசகர் கேள்விகளுக்கு நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மண் ஆய்வுப் பொறியாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகன் வளைகுடாவில் ஜாக்-அப் ரிக் ஒன்றில், அதாவது கடலடியில் கால் ஊன்றி நின்று எண்ணெய்க் கிணறு துளையிடும் மேடையில், வேலை செய்கிறான். புது இடத்தில் மூன்று கால்களையும் ஊன்றியவுடன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, மணிக்கணக்கில் வைத்திருந்து, பிறகு திறந்துவிடுவார்களாம். இது எதற்கு? கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, குளச்சல்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அப்படிச் செய்யாமல் மேடையை உயர்த்தினால்தான் பயப்பட வேண்டும். புயலில் காற்றும் அலையும் ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கக் காலில் பாரம் கூடிவிடும். அந்த அளவு பாரத்தை அமைதியான நாளிலேயே நீரால் ஏற்றி, மண் தாங்குகிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். ‘பிரீலோடு’ என்பது இதைத்தான். அப்போது மேடையை நீர்மட்டத்தை ஒட்டியே வைத்திருப்பார்கள். ஒரு கால் திடீரென்று இறங்கினாலும் மேடை தண்ணீரில் அமர்ந்து மிதக்கும்.

கால் ஏன் திடீரென்று இறங்க வேண்டும்? கடலடி முழுவதும் களிமண்ணாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. பொதுவாக ஆழம் கூடக் கூடக் களிமண்ணின் வலிமையும் கூடும் என்பதால் கால் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். வம்பு செய்வது, மேலே கெட்டி மணலும் அடியில் இளகிய களிமண்ணும் உள்ள தரை. மேற்பொருக்கு மட்டும் காய்ந்த வயலில் கால் வைத்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரிக் காலின் அடியில் இருக்கும் வட்டமான எஃகுப் பாதத்தின் விட்டம் 10 மீட்டர் என்று வையுங்கள். மேலே 4 மீட்டர் மணல். கீழே சதுர மீட்டருக்கு 3 டன் வெட்டுவலிமை (மண் சறுக்கி உடையாமல் தாங்கும் வலிமை) உள்ள களிமண். மணல் மட்டுமே இருந்திருந்தால் 8,000 டன்னைக் கூடத் தாங்கியிருக்கும். ஆனால் பாரம் மணலுக்குள் 3 மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் விரியும் என்று கொண்டால், களிமண்ணைத் தொடும்போது வட்டம் 12.7 மீட்டர்தான் ஆகியிருக்கும். பரப்பு 126 சதுர மீட்டர். களிமண் தன் வெட்டுவலிமையைப் போல் ஏறத்தாழ 6 மடங்கு, அதாவது சதுர மீட்டருக்கு 18 டன் தாங்கும். பெருக்கினால் சுமார் 2,270 டன். எட்டாயிரம் எங்கே, இது எங்கே! இது தோராயக் கணக்குதான். மணலின் பக்க உராய்வையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை மண் பொறியியல் அறிஞர் மேயர்ஹாஃப் 1974-இல் வெளியிட்டார். முறை எதுவானாலும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது களிமண்தான்.

எல்லையைத் தாண்டினால் பாதம் தன் அடியில் இருக்கும் மணலையும் சேர்த்துக் களிமண்ணுக்குள் தள்ளிவிடும். மண்ணின் எதிர்ப்பு குறையும். மேலிருக்கும் பாரம் குறையாது. சில நொடிகளில் கால் பல மீட்டர் இறங்கலாம். ஒரு கால் மட்டும் இறங்கினால் மேடை சாயும், மற்றக் கால்கள் வளையும். அதனால்தான் ரிக் வருவதற்கு முன்பே 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கூம்பு ஒன்றை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் கடலடியில் செலுத்தி, அடுக்கு அடுக்காக வலிமையை அளந்துகொள்கிறார்கள். அந்த அளவீட்டின் வரைபடத்தைப் பார்க்கக் கிடைக்குமா என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள்; கோடு சட்டென்று இடப்பக்கம் சரிகிற இடத்தில்தான் மணல் முடிகிறது.

கேள்வி: 2004 சுனாமியிலும் திருவள்ளுவர் சிலை அசையவில்லையே, அடித்தளத்தில் என்ன வித்தை?
– வாசகர், அகஸ்தீஸ்வரம்

பதில்: வித்தை எதுவும் இல்லை. 133 அடிச் சிலையும் பாறை மேல் நிற்கிறது. மண்ணைப் பற்றிய இந்தப் பகுதிக்கே அங்கு வேலை இல்லை.

கேள்வி: ஏலாவில் (வயல்வெளியில்) ஐந்தடி செம்மண் நிரப்பிய மனை வாங்கியிருக்கிறேன். செம்மண் நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. அதன் மேலேயே வீடு கட்டலாமா?
– வாசகர், கருங்கல்

பதில்: குளச்சல் அம்மாவுக்குச் சொன்னதை நீங்களும் படியுங்கள். உங்கள் செம்மண்தான் அந்த மணல். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போக நெல் விளைந்த சேறுதான் அந்தக் களிமண். ஒரு நல்ல செய்தி: இரண்டடி அகல வாரம் (சுவரின் அடித்தளம்) குத்தி இறங்காமல் ஐந்தடிச் செம்மண் ஓரளவு காக்கும். பாதம் அகலமாக ஆக, பாரம் அதிக ஆழத்துக்குப் போகும். ஆகவே வீடு முழுவதற்கும் ஒரே கான்கிரீட் தளம் போட்டால் கவலை இல்லை என்று கொத்தனார் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையான தலைவலி வேறு. ஐந்தடிச் செம்மண் சதுர மீட்டருக்கு 2.7 டன் இருக்கும். ஒரு மாடி வீட்டின் பாரத்தைப் பரப்பிப் பார்த்தால் அந்த அளவுகூட வராது. வீடு கட்டுவதற்கு முன்பே அந்தச் செம்மண்ணின் பாரத்தில் நீர் மெல்ல வெளியேறி, சேறு அமுங்கத் தொடங்கியிருக்கும். நீர் மேலும் கீழும் வடிய வழியிருந்தாலும், சேற்றின் தடிமன் இரட்டிப்பானால் அமுங்கும் காலம் நான்கு மடங்காகும். எனவே முதலில் துளை போட்டு, சேறு எத்தனை அடி என்று பாருங்கள். துளை சேற்றைத் தாண்டிக் கெட்டி மண்ணையோ பாறையையோ தொட வேண்டும். பத்தடியோடு நிறுத்திவிட்டு அறிக்கை நீட்டுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.