வளைந்த பரப்பை லேசரால் அளக்கும்போது அளவு ஏன் பிசகுகிறது? எப்படிச் சரிசெய்வது?

குன்னூர் பக்கத் தேயிலை ஆலைகளில் ரோலர் தண்டின் தேய்மானத்தைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். லேசர் உணரி ஒரு ஒளிப்புள்ளியைப் பரப்பில் போட்டு, அது எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. டார்ச்சைச் சுவரில் நேராக அடித்தால் வட்டம். குடத்தின் ஓரத்தில் அடித்தால் ஒரு பக்கமாக இழுபடும். அப்படி இழுபட்ட புள்ளியின் நடுவை உணரி தவறாகப் பிடிக்கிறது.

முதலில் பார்க்கவேண்டியது, ஒளி தண்டின் மையக்கோட்டை நோக்கி விழுகிறதா என்பது. 100 மி.மீ. ஆரமுள்ள உருளையில் 2 மி.மீ. விலகினால் பிழை சுமார் 0.02 மி.மீ.தான். ஆரம் 10 மி.மீ. என்றால் அதே விலகலுக்குப் பிழை 0.2 மி.மீ.! மெல்லிய தண்டுதான் அதிகம் படுத்தும்.

அப்புறம், லேசரும் ஒளி வாங்கும் கண்ணும் தண்டின் நீளவாக்கில் வரிசையாக இருக்கும்படி உணரியைப் பொருத்துங்கள். குறுக்காக வைத்தால் வளைவு புள்ளியை இழுக்கும். பளபளப்பு அதிகமென்றால் மங்கலான பூச்சு தெளிக்கலாம், ஆனால் பூச்சின் தடிமனும் அளவில் சேரும். விட்டம் தெரிந்த, அதே மாதிரிப் பரப்புள்ள உருளையை முதலில் அளந்து சரிபார்ப்பதே எனக்குப் பிடித்த வழி. ஊட்டிக் குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்த உணரியின் லென்ஸில் ஈரம் படியும். துடைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளங்கள்.

லேசரின் சக்தியைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். பளபளப்பான வளைவில் அது உணரியைக் கூசவைத்துப் பிழையைத்தான் கூட்டும்.