கடலுக்குப் போனவரின் திதி

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா கடற்படையில் மாலுமியாக இருந்தவர். 1971 போரில் குக்ரி கப்பலோடு போனவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. உடல் கிடைக்காததால் ஆச்சி அவருடைய சாவை ஒப்புக்கொள்ளவே இல்லை. தீபாவளிதோறும் அவருக்கென்று ஒரு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைப்பாள். யாரையும் அவருக்குத் திதி கொடுக்க விட்டதும் இல்லை. சென்ற ஆண்டு தொண்ணூற்றைந்து வயதில் ஆச்சி காலமானாள். பெட்டியில் ஐம்பதுக்கு மேற்பட்ட வேட்டிகள் இருக்கின்றன. இப்போது அண்ணனுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. உடலைக் கண்ணால் காணாத ஒருவருக்குக் கொடுப்பது முறையா? எந்த நாளில் கொடுப்பது? டையூவில் இருக்கும் நினைவிடத்துக்குப் போனால் அவரைப் பார்த்ததாக ஆகுமா?

ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாட்கள் என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை. நாளைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கடலில் மறைந்த பலருடைய குடும்பங்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. குக்ரி மூழ்கியது 1971 டிசம்பர் 9, இரவு ஒன்பது மணியை நெருங்கும் வேளையில். அது கார்த்திகை மாதத்துத் தேய்பிறை. பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, ஆகவே நிலவு எழ நள்ளிரவாகும். அன்றைய திதியைப் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்ல உங்கள் ஊரிலேயே ஆள் இருப்பார்கள்.

அந்த இருட்டைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடல் ஏன் வரவில்லை என்ற கேள்வி ஆச்சியை ஐம்பது ஆண்டுகள் வாட்டியிருக்கும். டையூவுக்குத் தென்மேற்கே, கரையிலிருந்து வெகுதொலைவில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியைத் தேடிச் சென்ற கப்பல் அது. தேடப்பட்ட நீர்மூழ்கியே முந்திக்கொண்டது. அது ஏவிய டார்பிடோ அடிப்பகுதியில் வெடித்ததும் சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. கீழ்த்தளங்களில் பணியில் இருந்தவர்கள் ஏணியேறி மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். மீட்கப்பட்டவர்கள் 67 பேர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனதைப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவருடைய கதையை எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் மீதி 193 வீடுகளிலும் உங்கள் வீட்டுப் பெட்டியைப் போல ஏதோ ஒன்று இருந்திருக்கும் என்பதை நான் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். அதே மாதத் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காசி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கி, ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தக் கரையிலும் தாய்மார்கள் காத்திருந்திருப்பார்கள்.

முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான். காணாமற்போனவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, பிறகு தர்ப்பையால் உருவம் செய்து எரியூட்டிக் கடன் கழிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம் முன்னோர் நட்ட நடுகற்களும் உடலைப் புதைத்த குழியின்மேல்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. விழுந்தவனுடைய பெயரும் அவன் எதற்காக விழுந்தான் என்பதும் கல்லில் இருந்தால் போதும், ஊர் அங்கே வந்து படைத்தது. இதைக் கொண்டு ஆச்சி செய்தது தவறென்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். பிணத்தைக் காணாத தாயிடம் பிள்ளை செத்துவிட்டான் என்று சொன்னது ஒரு தாள் மட்டுமே. அந்தத் தாளை நம்பாமல் இருப்பதற்கு அவளுக்கு முழு உரிமை இருந்தது. அவள் இருந்தவரை அதை மதித்து நடந்த உங்கள் அப்பாவை நான் வணங்குகிறேன்.

டையூவில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறு மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் என்று தோன்றக்கூடும். அங்கே கப்பலைவிட அதற்கு எதிரே விரிந்து கிடக்கும் கடலைத்தான் நீங்கள் நெடுநேரம் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் இருப்பது அந்தப் பக்கத்தில். தில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்துக்கும் அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். விடுதலைக்குப் பின் களத்தில் இறந்த முப்படையினரின் பெயர்களை அங்கே வட்ட வட்டமாக எழுப்பிய கருங்கல் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். அண்ணனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து அவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். இந்த வயதில் அலைச்சல் என்று யாராவது தடுத்தாலும் கேட்காதீர்கள்.

வேட்டிகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். திதியன்று ஒருவருக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது நம் வழக்கம். கடையில் புதிதாக வாங்க வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றாக, ஆச்சி எடுத்து வைத்த வரிசையிலேயே, இருபத்திரண்டு வயதில் இருக்கும் ஓர் இளைஞனுக்குக் கொடுங்கள். 1972 தீபாவளிக்கு எடுத்தது அடியில் மஞ்சளேறிக் கிடக்கும். துவைத்து, வெயிலில் உலர்த்தி, முதலில் அதையே அப்பா கொடுக்கட்டும்.

அன்புடன்.