பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி "எந்த பிராண்ட் நம்பகமானது?" என்பதுதான், வேறு வேறு வார்த்தைகளில். பிராண்டை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடலில், அடுத்தடுத்த வருடங்களில் தங்கமான என்ஜினும் வைத்திருக்கிறது, தலைவலி பிடித்த என்ஜினும் வைத்திருக்கிறது. அதனால் கீழே பல பதில்களில் என்ஜின் கோடு, அதாவது என்20, என்52 மாதிரி கம்பெனி என்ஜினுக்கு வைக்கும் குறியீட்டுப் பெயர் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், 2008 பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஆறு சிலிண்டர் ஒன்றும், 2013 மாடல் 328ஐ ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. புதியதைத்தானே எடுக்க வேண்டும்?

அவசரப்படாதீர்கள். 2013 காரில் இருப்பது என்20 என்ற நான்கு சிலிண்டர் டர்போ. ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் 2015 தொடக்கம் வரை வந்த என்ஜின்களில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் உடைந்து, துண்டுகள் என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் போய் விழுவது பலருக்கும் நடந்த கதை, செயின் நழுவிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். கைடு மாற்றிய பில் இருந்தால் மேலே பேசுங்கள். இல்லையென்றால் அந்த வேலைக்கான செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

2008 காரில் என்52 என்ஜின் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். டர்போ கிடையாது. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகாமல் காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டில் பீய்ச்சப்படுவதால் வால்வில் கரி படியும் தொல்லையும் குறைவு. அதற்காகக் குறையே இல்லாத என்ஜின் என்று சொல்ல மாட்டேன். அதன் எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் அது மாற்றப்பட்டிருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் டிரைவ் பெல்ட் மேல் சொட்டும், பெல்ட் நழுவிக் கிழிந்து கிராங்க் தண்டின் முனையில் உள்ள சீல் வழியாக என்ஜினுக்குள்ளேயே இழுக்கப்படும். சின்ன கேஸ்கெட்தானே என்று விட்டவர்கள் என்ஜினைப் பிரிக்க வேண்டி வந்திருக்கிறது!

"இருந்தால்" என்று சொன்னேன், கவனித்தீர்களா? பின்னால் 325ஐ என்று எழுதியிருந்தாலும் சில நாடுகளுக்குப் போன கார்களில் 2007-க்குப் பிறகு என்53 வந்தது. அது டைரக்ட் இன்ஜெக்‌ஷன், அதாவது பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை, பீய்ச்சும் இன்ஜெக்டர் பிரச்சினைக்குப் பேர் போனது. சேசிஸ் நம்பரை வைத்து எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் 2015-க்குப் பிறகு வந்த 340ஐ, அதாவது பி58 என்ஜின் உள்ளது, தயங்காமல் பாருங்கள்.

கன்வர்ட்டிபிள் ஆசை. துணிக் கூரையா, மடியும் இரும்புக் கூரையா?

பழைய காரில் துணிதான். துணிக் கூரை வயதானால் கிழியும், சுருங்கும், பின் கண்ணாடியைச் சுற்றி ஒட்டு விடும். ஆனால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள், செலவை முன்கூட்டியே கணக்குப் போடலாம். இரும்புக் கூரையில் ஹைட்ராலிக் சிலிண்டர், சென்சார், பூட்டு, டிக்கி கீல் வழியாக மடங்கி மடங்கிப் போகும் ஒயர்கள் என்று பத்து இடம் இருக்கிறது, அதில் ஏதாவது ஒரு சென்சார் பேசாவிட்டாலும் கூரை பாதியில் நின்றுவிடும்.

துணிக் கூரையில் முக்கியம் தண்ணீர் வடியும் துளைகள். முதல் தலைமுறை பி.எம்.டபிள்யூ இசட்4, அதாவது ஈ85, இதற்குச் சரியான உதாரணம். கூரையை இயக்கும் மோட்டாரைப் பின்பக்கக் குழிக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் வடிகால் இலை, தூசி சேர்ந்து அடைத்தால் தண்ணீர் தேங்கி மோட்டார் மூழ்கிச் செத்துவிடும். கார் பார்க்கப் போகும்போது சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆர்129 மெர்சிடிஸ் எஸ்.எல் மாதிரி பழைய கார் என்றால் முன் கண்ணாடிக்கு மேல் உள்ள பூட்டைச் சுற்றி ஹைட்ராலிக் ஆயில் கசிவின் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தக் கூரையாக இருந்தாலும் ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினால் போதாது, உங்கள் கையால் இரண்டு மூன்று முறை இயக்குங்கள். "பேட்டரி வீக், அதனால்தான் இன்று திறக்கவில்லை" என்று யாராவது சொன்னால் பேட்டரி மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

போர்ஷ் பாக்ஸ்டர் வாங்கினால் என்ஜின் வெடித்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பயம் பெரியது, ஆனால் காரணமில்லாத பயம் இல்லை. என்ஜினுக்குள் ஐ.எம்.எஸ் என்ற இடைத் தண்டைத் தாங்கும் பேரிங்தான் வில்லன். 2000 முதல் 2005 வரையிலான கார்களில்தான் ஆபத்து அதிகம். நல்ல செய்தி, கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்றும்போதே அந்த பேரிங்கையும் மாற்றிவிடலாம். இரண்டும் சேர்த்து மாற்றிய பில் இருக்கும் காரைத் தேடுங்கள். 2006 முதல் 2008 வரை பேரிங் பெரிதானது, வலுவானதும்கூட, ஆனால் என்ஜினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009-ல் வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டே கிடையாது, பட்ஜெட் இடம் கொடுத்தால் அங்கே போங்கள். எந்த வருடமானாலும் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2010 ஆடி ஏ4, 2.0 டர்போ பெட்ரோல். கொஞ்சம் ஆயில் குடிக்கும், எல்லா ஆடியும் அப்படித்தான் என்கிறார் விற்பவர்.

விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து 2.0-வில் பிஸ்டனின் ஆயில் ரிங் அடைத்துக்கொள்வது தெரிந்த குறை, சரியான வைத்தியம் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவதுதான். ஆடிதான் வேண்டும் என்றால் அதே தலைமுறை எஸ்4, சூப்பர்சார்ஜர் வைத்த 3.0 வி6, எவ்வளவோ மேல். அதிலும் எஸ்-டிரானிக் என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்று ரெக்கார்டில் தேடுங்கள்.

பன்னிரண்டு வருடக் கார், 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதிர்ஷ்டமா?

எனக்கு அப்படிப் படவில்லை. நின்ற காரில் ரப்பர் சீல் காய்கிறது, பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சுகிறது, டயர் இறுகுகிறது. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1814 என்றால் 2014-ன் 18-வது வாரத்தில் தயாரித்தது. டயரே மாற்றாதவர் மற்றதை எங்கே மாற்றியிருப்பார்? ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றி ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடிய கார் பக்கத்தில் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஸ்கேனர் போட்டோம், ஒரு எரர்கூட இல்லை. போதுமா?

போதாது. விற்பதற்கு முந்தைய நாள் எல்லா எரரையும் அழித்திருக்கலாம். அதே ஸ்கேனரில் ரெடினெஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும், கார் தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று அது காட்டும், அதில் பல வரிகள் "சோதனை இன்னும் முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கார் கொஞ்ச நாள் ஓடட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். திரும்பப் போகும்போது என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். செயின் சத்தம் கேட்பது பெரும்பாலும் அந்த முதல் சில நொடிகளில்தான்.