கச்சான் விற்ற காசும் கோயில் உண்டியலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறோம். என் மகளும் மகனும் வீட்டில் வறுத்த கச்சானை (நிலக்கடலையை) பொட்டலம் 50 ரூபாய் வீதம் விற்று 2,000 ரூபாய் சேர்த்தார்கள். தருமம் பழகட்டும் என்று அதில் பாதியை அவர்கள் கையாலேயே மாரியம்மன் கோயில் உண்டியலில் போடச் செய்தேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மகள் இனி விற்கமாட்டேன் என்கிறாள். சுயநலமாக வளர்கிறார்களோ என்று கவலையாக இருக்கிறது. கச்சானுக்கு 1,300 ரூபாயும் கேஸ், உப்பு, தாளுக்கு 200 ரூபாயும் நான்தான் போட்டேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரியில்தான் விடை இருக்கிறது. செலவு 1,500 ரூபாய் போக, பிள்ளைகளின் உழைப்பில் கிடைத்த இலாபம் 500 ரூபாய். உண்டியலில் விழுந்ததோ அதன் இருமடங்கு. தங்களுடையதல்லாத காசைத் தங்கள் பெயரில் கொடுக்க வைத்ததைத்தான் அவர்கள் வெறுத்திருக்கிறார்கள். அதைச் சுயநலம் என்று நான் சொல்லமாட்டேன்.

நம் பெரியவர்களுக்கும் இது புதிதல்ல. தோட்டங்களில் கோயில் காசு செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டிலேயே பிடிபட்டு, சம்பளம் கைக்கு வருமுன்பே கொடை முடிந்துவிடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் சம்பளச் சிட்டை இருந்தால் பிள்ளைகளிடம் விரித்துக் காட்டுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிக்கும் 8 சதவீதம், நிர்வாகம் போடும் 12 சதவீதத்தோடு பிற்காலத்தில் திரும்பி வரும். கோயிலுக்குப் பிடித்தது திரும்பாது. சேமிப்பையும் கொடையையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை விற்ற காசிலிருந்து முதலில் உங்கள் 1,500 ரூபாயை அவர்களே எண்ணித் திருப்பித் தரட்டும். அதுதான் அடுத்த வாரம் கச்சான் வாங்க முதலீடு. மிச்சத்தை இருவரும் பங்கிட்ட பிறகு, கொடுப்பதா, எவ்வளவு, யாருக்கு என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். மகன் இருபது ரூபாய்தான் கொடுப்பேன் என்றால், அதற்குமேல் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: அதே லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பதென்றால், பெயர் சொல்லாமல் ஆசிரியர் மூலம் கொடுக்க வேண்டும். நாளைக்கும் அந்தப் பிள்ளையோடு ஒரே பீலியில் (பொதுக் குழாயில்) தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள்.

மகளை விற்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கணக்குக் கொப்பியை அவளிடம் கொடுத்து, உண்டியலுக்குப் போன 1,000 ரூபாயில் 500 ரூபாய் உங்கள் கொடை என்று அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.